கஞ்சியும் லுங்கியும் ஒரே சர்க்கரை

குடியாத்தம் பக்கம் நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் போகும் நூலுக்கு, கஞ்சி போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நூலை இழுத்துக் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று, பெரிய பிரஷ்ஷால் கஞ்சியை ஒரே சீராக இழுத்துக்கொண்டே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அப்பா அந்த வேலை முடித்து வீட்டுக்கு வரும்போது முழங்கை வரைக்கும் கஞ்சி காய்ந்து வெள்ளையாகப் பொருக்கு விட்டிருக்கும். உள்ளே ஆயா, அடுப்பில் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பார். ஒரு கஞ்சி நூலுக்கு, ஒரு கஞ்சி வயிற்றுக்கு.

அந்தப் பாவு முழுக்கப் பருத்தி நூல், தறியில் நெய்து முடித்தால் லுங்கி. அதன்மேல் பூசியது மாவுக் கஞ்சி. இரண்டையும் இழை இழையாகப் பிரித்து, இனிமேல் பிரிக்க முடியாது என்ற அளவுக்குப் போனால், இரண்டிலும் கையில் கிடைப்பது ஒரே பொருள்தான்: குளுக்கோஸ். மயக்கம் போட்டு விழுந்தவருக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறோமே, அதே குளுக்கோஸ். அப்படியானால் கஞ்சி வயிற்றில் போய்க் கரைந்துவிடுகிறது, லுங்கி மட்டும் எத்தனை துவைத்தாலும் வருடக்கணக்கில் உழைக்கிறதே, அது எப்படி? எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் இந்தக் கேள்வியே தோன்றவில்லை. கார்போஹைட்ரேட், புரதம், லிப்பிடு, நியூக்ளிக் அமிலம் என்று நான்கு பெயரை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டேன். அந்த நான்கும் எங்கள் தெருவிலேயே கிடக்கின்றன என்று யாரும் காட்டவில்லை. இப்போது மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். பாவிலிருந்துதான் தொடங்குவேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். சோறு அடிப்பிடித்தால் என்ன ஆகிறது? கருகுகிறது. தீக்குச்சி எரிந்தால்? கரி. முடி, தோல், சர்க்கரை, பால், இலை, எதைத் தீய்த்தாலும் கடைசியில் கறுப்பாக ஒன்று மிஞ்சுகிறது. அந்தக் கரிதான் கார்பன். உயிருள்ளவற்றின் மூலக்கூறுகளைத் தமிழில் 'கரிம' மூலக்கூறுகள் என்று சொல்வது இதனால்தான். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல் அது, பெயரிலேயே பொருள் இருக்கிறது. கடைகளில் 'ஆர்கானிக்' என்று எழுதி விற்கிறார்களே, அது உரம், மருந்து பற்றிய பேச்சு. வேதியியலில் அந்தச் சொல்லுக்குக் கார்பனை முதுகெலும்பாகக் கொண்டது என்றுதான் அர்த்தம்.

கார்பனுக்கு என்ன அவ்வளவு சிறப்பு? அதற்கு நான்கு கைகள். ஹைட்ரஜனுக்கு ஒரு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு, நைட்ரஜனுக்கு வழக்கமாக மூன்று. நான்கு கைகள் இருப்பதால் கார்பன் பக்கத்துக் கார்பனைப் பிடித்துக்கொண்டு, மிச்சக் கைகளால் வேறு அணுக்களையும் பிடிக்கும். நீளமாகப் போகும், கிளை விடும், வளையமாகச் சுற்றிக்கொள்ளும். நம் உடல் எடையில் ஆக்சிஜன் சுமார் 65 சதவீதம், கார்பன் 18, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 3. ஆக்சிஜன் அவ்வளவு இருப்பதற்குக் காரணம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கார்பன்தான் ராஜா.

ஒரு காலத்தில் இந்தக் கரிமப் பொருள்களை உயிருள்ள உடம்பு மட்டும்தான் செய்ய முடியும், அதற்கென்று தனியாக ஓர் உயிர்ச்சக்தி வேண்டும் என்று வேதியியலாளர்களே நம்பினார்கள். 1828-ல் ஜெர்மனியின் ஃபிரெடரிக் வோலர், சிறுநீரில் இருக்கும் யூரியாவைச் சிறுநீரகத்தின் உதவி இல்லாமல் ஆய்வகத்திலேயே செய்து காட்டினார். இன்று நெல்வயலுக்கு மூட்டை மூட்டையாகப் போடுகிறோமே, அதே யூரியா. உயிருக்குள் நடப்பதும் வேதியியல்தான் என்று மக்கள் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது அங்கிருந்து.

சரி, குளுக்கோஸுக்கு வருவோம். 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். இவ்வளவுதான் ஒரு குளுக்கோஸ். வளையமாகச் சுருண்டிருக்கும் ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிகளைக் கோக்கும்போது ஒன்றிலிருந்து ஒரு ஹைட்ரஜனும், இன்னொன்றிலிருந்து ஒரு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கழன்று, சேர்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீராக வெளியேறும். சொட்டு என்றால் ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறு. திரும்ப அவிழ்க்க வேண்டுமென்றால் அதே ஒரு தண்ணீரை உள்ளே கொடுக்க வேண்டும். இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முடிகிற வரைக்கும் உதவும். உயிர், கட்டும்போது தண்ணீரை வெளியேற்றும். செரிக்கும்போது தண்ணீரைப் போட்டு வெட்டும்.

இப்போது கோக்கும் விதத்தில் ஒரு வித்தியாசம். மணிகளை எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி கோத்தால் சங்கிலி தானாகவே வளைந்து, ஸ்பிரிங் மாதிரி சுருண்டுகொள்ளும். அது ஸ்டார்ச். அரிசி, கேழ்வரகு, மரவள்ளி எல்லாவற்றிலும் செடி சேமித்து வைத்திருப்பது இதைத்தான். அதே மணிகளை ஒன்று மல்லாந்தும் அடுத்தது குப்புறவும் மாற்றி மாற்றிக் கோத்தால் சங்கிலி சுருளாது, விறைப்பாக நேராக நிற்கும். அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான மணிகள் கொண்ட சங்கிலிகள் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டு, தண்ணீர்கூட உள்ளே நுழைய இடம் தராமல் கெட்டியாகிவிடும். அது செல்லுலோஸ். பருத்தி, தென்னை நார், மரம், காகிதம், எல்லாவற்றிலும் இருப்பது அது. பருத்தி இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ்.

கஞ்சியைப் பிடித்துப் பார்க்க எளிய வழி உண்டு. வீட்டில் காயத்துக்குப் போடும் பீட்டாடைன் இருந்தால், ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து ஆறின சோற்றின்மேல் விடுங்கள். பழுப்பு நிறம் கருநீலமாக மாறிவிடும். ஸ்டார்ச் சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்துகொள்வதால் வரும் நிறம் அது. பிள்ளைகளிடம் புது லுங்கி ஒன்றைக் கொண்டுவரச் சொல்வேன். ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் கஞ்சி போட்ட நூலில் நீலம் வரும். பல தடவை வெந்நீரில் அலசிய பழைய லுங்கியில் அதே சொட்டு வெறும் பழுப்பாகவே நிற்கும். கஞ்சி போய்விட்டது, நூல் இருக்கிறது. குளுக்கோஸ் இரண்டிலும் இருந்தும் அயோடினுக்கு ஒன்றைத்தான் தெரிகிறது, ஏனென்றால் அது தேடுவது சுருளை. (நீலக் கறை லேசில் போகாது, அதனால் நல்ல லுங்கியில் செய்யாதீர்கள்.)

நம் வயிறும் அப்படித்தான். ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள், மெல்ல இனிக்கத் தொடங்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, ஸ்டார்ச் சங்கிலியைத் தண்ணீர் போட்டு வெட்டிச் சின்னச் சர்க்கரைகளாக்குகிறது. இந்தக் கத்தரிக்கு ஒரே பக்கம் பார்க்கும் மணிகளை மட்டும்தான் வெட்டத் தெரியும். மாற்றி மாற்றிக் கோத்த செல்லுலோஸ் அதன் வாயில் பொருந்தாது. அதனால்தான் கீரைத்தண்டின் நார் வந்தபடியே வெளியேறுகிறது. அதை நார்ச்சத்து என்று மரியாதையாகச் சொல்கிறோம், குடலுக்கு அது தேவையும்கூட.

மாட்டைப் பாருங்கள். பழைய பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய போஸ்டரைக் கிழித்து நிதானமாக மென்று தின்னும். பின்னால் தடவிய மைதாப் பசை ஸ்டார்ச், அதை நாமும் செரிக்க முடியும். முன்னால் இருக்கும் காகிதம் செல்லுலோஸ், அதை மாடு மட்டும் செரிக்கிறது. உண்மையில் மாடும் தானாகச் செரிப்பதில்லை. அதன் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. செல்லுலோஸை வெட்டும் நொதி அவற்றிடம்தான் இருக்கிறது. அவை வெட்டி, புளிக்க வைத்து வெளியிடும் சிறு அமிலங்களை மாடு உறிஞ்சிக்கொள்கிறது. வைக்கோல் பாலாகிற கதை இதுதான்.

நம்மால் எளிதில் செரிக்க முடியாத ஸ்டார்ச்சும் ஒன்று உண்டு. அதை வைத்து வேலூர் சிஎம்சி மருத்துவமனை ஆய்வாளர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். காலராவில் தண்ணீராகப் போகும்போது உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓஆர்எஸ் கொடுக்கிறோம். குளுக்கோஸ் சிறுகுடலில் உள்ளே போகும்போது உப்பையும் கூட இழுத்துக்கொண்டு போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். ஆனால் பெருங்குடல் சும்மா இருக்கிறதே? அமைலேஸுக்கு மசியாத ஸ்டார்ச்சைக் கரைசலில் சேர்த்தால் அது பெருங்குடல் வரை போகும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிறு அமிலங்களாக்கும், அவை அங்கே உப்பையும் தண்ணீரையும் உள்ளிழுக்க உதவும். மாட்டின் வயிற்றில் நடப்பதன் சிறு வடிவம்தான் இது. 2000-ல் வெளிவந்த அந்த ஆய்வில், இப்படிக் கொடுத்த நோயாளிகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது. சங்கிலிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்ற வித்தியாசம், ஓர் உயிர் பிழைப்பது வரைக்கும் போகிறது.

அடுத்தது கொழுப்பு. பாவுக் கஞ்சியிலேயே கொஞ்சம் எண்ணெய் விடுவார்கள், நூல் முறுகி உடையாமல் இருக்க. தண்ணீரோடு சேராத குணம்தான் இந்தக் கூட்டத்தின் அடையாளம். எண்ணெய், நெய், மெழுகு, கொலஸ்ட்ரால், எல்லாம் லிப்பிடு. மற்ற மூன்றும் மணி கோத்த நீளமான சங்கிலிகள். கொழுப்பு மட்டும் அப்படி இல்லை. கிளிசரால் என்ற சின்னத் தலை, அதிலிருந்து தொங்கும் மூன்று கொழுப்பு அமில வால்கள், அவ்வளவுதான். மூன்று வாலைப் பிடிக்கும்போது மூன்று தண்ணீர் வெளியேறும்.

ஆற்காட்டு மக்கன் பேடாவைக் காகிதத்தில் கட்டி எடுத்துவந்தால் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறதல்லவா, அதுவே கொழுப்புக்கான சோதனை. பாகு பட்ட இடம் காய்ந்தால் பிசுபிசுப்பாகும், நெய் பட்ட இடம் காயவே காயாது. எங்கள் பக்கத்து மானாவாரி நிலத்தின் மல்லாக்கொட்டையை நசுக்கினாலும் அதே கறை வரும். பருப்பின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். ஒரு கிராம் சர்க்கரைப் பொருளில் 4 கிலோ கலோரி என்றால் ஒரு கிராம் கொழுப்பில் 9. அடுத்த மழைக்காகக் காத்திருக்கும் விதைக்கு இதைவிடக் கச்சிதமான கட்டுச்சோறு கிடையாது.

நெய் ஏன் மார்கழியில் உறைகிறது, கடலை எண்ணெய் ஏன் உறைவதில்லை? நெய்யின் வால்களில் பெரும்பாலானவை நேரானவை, விறகு அடுக்குவதுபோல நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். கடலை எண்ணெயின் வால்களில் நடுவே ஒரு கோணல் இருக்கும், கோணல் விறகு நெருங்கி அடுக்க வராது. வேலூர் சித்திரை வெயிலில் நெய்யும் உருகித் தண்ணீராக ஓடும், அது வேறு விஷயம்.

கொழுப்பு என்றால் இடுப்பைச் சுற்றிச் சேர்வது என்று மட்டும் நினைக்க வேண்டாம். இந்தக் குடும்பத்தில் பாஸ்போலிப்பிடு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு வால், தலையில் பாஸ்பேட். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. இவற்றைத் தண்ணீரில் விட்டால் யாரும் சொல்லாமலே வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு இரண்டு அடுக்காக நிற்கும். நம் ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள சவ்வு இதுதான். ஒரு மில்லிமீட்டரை 2 லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு தடிப்பு. உள்ளே இருப்பது நான், வெளியே இருப்பது உலகம் என்று பிரிக்கும் கோடு ஓர் எண்ணெய்ப் படலம்.

இனி புரதம். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நான் வெட்கப்பட வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டமே புரதத்தில் பிழைக்கிறது. ஆரணிப் பட்டு புரதம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் புரதம். இப்போது மாவட்டம் பிரிந்து பெயர்கள் மாறிவிட்டன, தொழில் அப்படியே இருக்கிறது.

பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். லுங்கி ஓரத்திலிருந்து ஒரு நூல், அசல் பட்டுப் புடவையின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூல். இரண்டையும் இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி நூல் குப்பென்று பற்றிக்கொண்டு காகிதம் எரியும் வாசனை விடும், சாம்பல் மெல்லிசாகப் பறக்கும். பட்டு தயங்கித் தயங்கிச் சுருண்டுகொண்டு எரியும், நெருப்பை எடுத்தால் தானாக அணையும், முடி தீய்ந்த வாசனை வரும், நுனியில் ஒரு கறுப்பு உருண்டை மிஞ்சும். விரலால் நசுக்கினால் பொடியாகும். கடையில் பட்டு என்று சொல்லிக் கொடுத்தது நைலானோ பாலியெஸ்டரோ என்றால் உருகிச் சொட்டும், உருண்டை கல் மாதிரி இறுகும். புடவை வாங்கப் போகும் பெண்கள் காலங்காலமாகச் செய்துவரும் சோதனை இது. மூக்கே சொல்லிவிடுகிறது: பருத்தியில் இருப்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன். பட்டில் கூடுதலாக நைட்ரஜன் இருக்கிறது.

புரதத்தின் மணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். குளுக்கோஸ் சங்கிலியில் ஒரே மணி திரும்பத் திரும்ப வந்தது. இங்கே 20 வகை மணிகள். எதற்கு அடுத்து எது என்ற வரிசை மாறினால் புரதமே மாறிவிடும். தமிழ் எழுத்துகளை வரிசை மாற்றினால் சொல் மாறுவதுபோல. பட்டுப்புழு கிளைசின், அலனின், செரின் என்ற சின்னச் சின்ன மணிகளையே மாற்றி மாற்றிக் கோப்பதால் அதன் இழை அடுக்கடுக்காக நெருங்கி வழவழவென்று மின்னுகிறது. நம் முடியில் கந்தகம் உள்ள மணி நிறைய இருக்கும், அவை பக்கத்துச் சங்கிலியோடு கொக்கி போட்டுக்கொள்ளும்.

அந்தக் கொக்கியை வைத்துத்தான் தோல் பதனிடும் டேனரியின் முதல் பெரிய வேலையே நடக்கிறது. உப்புப் போட்டு வந்த ஆட்டுத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்து போடுவார்கள். இரண்டொரு நாளில் முடி கூழாகிக் கையோடு வந்துவிடும், தோல் மட்டும் உப்பிக்கொண்டு நிற்கும். முடியும் புரதம், தோலும் புரதம். ஒன்று கரைய, ஒன்று ஏன் நிற்கிறது? சல்பைடு வெட்டுவது கந்தகக் கொக்கியை. முடியின் கெரட்டினுக்கு அந்தக் கொக்கிதான் உயிர். தோலின் கொலாஜனில் அந்தக் கொக்கி ஏறத்தாழ கிடையாது, அதனால் அதை ஒன்றும் செய்ய முடிவதில்லை.

கொலாஜன் எப்படி நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்தது நம் மதராஸில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, 1954-லும் 1955-லும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி நிற்கின்றன. இதில் ஓர் அழகு இருக்கிறது. கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின். ஏன் அப்படி? மூன்று புரி முறுக்கும்போது ஒவ்வொரு மூன்றாவது மணியும் கயிற்றின் நடுவுக்குள் வந்து விழும். நடுவில் இடமே கிடையாது, 20 மணிகளில் மிகச் சின்னதான கிளைசினுக்கு மட்டும்தான் அங்கே உட்கார முடியும். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்து ஊர் டேனரியில் லாரி லாரியாக இறங்கும் தோலுக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவில், இவ்வளவு கச்சிதமாக ஒரு கயிறு திரிக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கயிறு சூட்டில் அவிழும். ஆட்டுக்கால் பாயாவை ராத்திரி முழுக்க அடுப்பில் வைத்து, மறுநாள் ஆறவிட்டால் ஜெல்லி மாதிரி உறைகிறதே, அது அவிழ்ந்த கொலாஜன். அதற்கு ஜெலட்டின் என்று பெயர். பச்சைத் தோலை வெந்நீரில் போட்டாலும் சுருங்கிக் கூழாகிவிடும். தோல் பதனிடுவது என்றால் இந்தக் கயிறுகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டு அவிழாமல் செய்வதுதான். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டார்கள், அவற்றின் துவர்ப்புச் சத்து கொலாஜனைப் பிடித்துக்கொள்ளும். நெல்லிக்காய் கடித்தால் நாக்கு சுருங்குவதும் அதே துவர்ப்பு எச்சில் புரதத்தைப் பிடிப்பதால்தான். இப்போது பெரும்பாலும் குரோமியம் உப்பு, அதனால்தான் தோல் முதலில் நீலமாக வருகிறது.

பதம் வந்துவிட்டதா என்று டேனரியில் பார்க்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். தோலில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்துகொள்வார்கள். துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, திரும்பவும் அந்தக் கோட்டின்மேல் வைப்பார்கள். கோட்டோடு கோடு பொருந்தினால் குரோம் ஏறிவிட்டது. சுருங்கியிருந்தால் டிரம் இன்னும் சுற்ற வேண்டும். மூன்று புரிக் கயிறு அவிழ்ந்ததா இல்லையா என்பதை ஒரு பென்சிலும் காகிதமும் சொல்லிவிடுகின்றன. அதே குரோமும் உப்பும் பாலாற்றை மாசாக்கியதையும் சொல்லாமல் போனால் நான் இந்த ஊர்க்காரனே இல்லை. வேலூர் மக்கள் மன்றம் ஒன்று தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாகவே ஆக்கியது.

புரதம் தோலும் முடியும் மட்டுமல்ல. எச்சிலின் அமைலேஸ், ரத்தத்தின் ஹீமோகுளோபின், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின், எல்லாம் புரதம். செல்லில் வேலை செய்கிறவை ஏறத்தாழ எல்லாமே புரதம்தான்.

அப்புறம் ஒரு கேள்வி மிஞ்சும். ஆம்பூர் பிரியாணியில் ஆட்டுக்கறி தின்கிறோம். அது ஆட்டின் புரதம். நம் உடம்பில் போய் ஏன் ஆட்டுத்தசையாக ஒட்டிக்கொள்வதில்லை? வயிறும் குடலும் தண்ணீர் போட்டு வெட்டி, ஆட்டின் சங்கிலிகளை உதிரி மணிகளாக்கிவிடுகின்றன. ஆட்டின் மணிக்கும் நம் மணிக்கும் வித்தியாசமே கிடையாது. வரிசைதான் வேறு. அந்த உதிரி மணிகளை நம் செல், நம் வரிசைப்படி புதிதாகக் கோத்துக்கொள்கிறது. அந்த வரிசை எங்கே எழுதியிருக்கிறது என்றால், நான்காவது வகையான நியூக்ளிக் அமிலத்தில், அதாவது டிஎன்ஏவில்.

1869-ல் ஃபிரெடரிக் மீஷர் என்ற சுவிஸ் மருத்துவர், ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டிய துணிகளில் இருந்த சீழிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தார். நமக்குச் சீழ் வேண்டாம், வாழைப்பழம் போதும். பாதிப் பழத்தை மசித்து, அரை டம்ளர் தண்ணீர், அரை ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, நுரை வராமல் மெல்லக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்து, டம்ளரைச் சாய்த்து ஓரமாக மேலே ஊற்றுங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் போகக் கூடாது, ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும். இரண்டு நீர்மமும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக நூல் நூலாக ஒன்று மேலே எழும்பி வரும். பல் குச்சியால் சுற்றி எடுக்கலாம். சோப்பு செல்லின் எண்ணெய்ச் சவ்வைக் கரைத்தது, உப்பு டிஎன்ஏ இழைகள் ஒன்றுசேர உதவியது, ஸ்பிரிட்டில் கரைய முடியாமல் அவை திரண்டுவிட்டன. பழத்தின் பிசினும் கொஞ்சம் கலந்திருக்கும். இருந்தாலும் வாழை மரம் ஆவதற்கான எழுத்து அந்த நூலில் இருக்கிறது.

இங்கும் மணிகள்தான், நான்கே வகை: ஏ, டி, ஜி, சி. இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்டிருக்கும், ஏ எதிரில் எப்போதும் டி, ஜி எதிரில் எப்போதும் சி. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுத்த எக்ஸ்ரே படத்தின் துணையோடு வாட்சனும் கிரிக்கும் 1953-ல் இதைச் சொன்னார்கள். ஓர் இழை தெரிந்தால் எதிரிழையை எழுதிவிடலாம், அதனால்தான் செல் இரண்டாகும்போது நகல் எடுக்க முடிகிறது. பிரியாணிக்குப் போடும் அரிசியின் டிஎன்ஏவில் 12 ஜோடி குரோமோசோம்கள், ஒரு தொகுப்பில் சுமார் 40 கோடி எழுத்துகள். நமக்குச் சுமார் 300 கோடி. நம் ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர், ஒரு லுங்கியின் நீளம்.

எழுத்துகளை மூன்று மூன்றாகப் படித்தால் ஒவ்வொரு மூன்றும் ஓர் அமினோ அமிலத்தைச் சொல்லும். டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ என்ற தற்காலிக நகல் எழுதி, ரைபோசோம் என்ற இயந்திரத்துக்கு அனுப்பப்படும். அது படித்துப் படித்து மணியைக் கோக்கும், ஒவ்வொரு மணிக்கும் ஒரு தண்ணீர் வெளியேறும். அந்த ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் கண்டுபிடித்ததற்காக 2009-ல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

ஓர் எழுத்து தவறினால் என்ன ஆகும்? ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள், மொத்தம் 574 மணிகள். அதில் பீட்டா சங்கிலி என்பதன் ஆறாவது மணி குளூட்டமிக் அமிலம். டிஎன்ஏவில் ஓர் ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி வந்துவிட்டால் அங்கே வேலின் என்ற மணி கோக்கப்படும். வேலினுக்கு எண்ணெய்க் குணம், தண்ணீர் பிடிக்காது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் அந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கம்பியாக நீளும், வட்டமான சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து நுண்ணிய ரத்தக் குழாயில் சிக்கிக்கொள்ளும். அரிவாள் செல் சோகை என்பது இது. இந்தியாவில் இதை முதலில் பதிவு செய்தது 1952-ல், நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம்.

போன வாரம் பாடம் முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, அப்போ பட்டுப்புழு இலையைத்தானே தின்னுது, பட்டு எங்கேர்ந்து வருது?" மல்பெரி இலையிலும் புரதம் இருக்கிறது. புழு அதை வெட்டி உதிரியாக்கி, தன் டிஎன்ஏ சொல்கிறபடி கிளைசின், அலனின் என்று கோத்து வாயால் நூற்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அதுவும் நம்ம வீட்டு மாதிரி பாவு போடுது" என்றாள். அவள் வீட்டிலும் தறி இருக்கிறது.